அதபாஸ்கா படுகையில் யுரேனியம் தேடல்: பழைய அறிக்கையிலிருந்து முதல் துளை வரை

கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தின் வடக்கே, சாலை முடிந்த பிறகும் விமானத்தில் போக வேண்டிய ஓரிடம். இதுவரை யாரும் தாது கண்டிராத நிலம். அதைக் கையில் கொடுத்து ‘இங்கே யுரேனியம் இருக்கிறதா பாருங்கள்’ என்றால் எங்கிருந்து தொடங்குவது? புவியியல் படித்துவிட்டு முதல் வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுரங்கம் வெட்டுவது, யுரேனியத்தின் விலை, அணுமின்சாரம் பற்றிய விவாதம் எதுவும் இதில் வராது. முதல் துளை போட்டு, அதில் வந்த கோரை, அதாவது துளைக்குள்ளிருந்து உருளையாக வெட்டி எடுத்த பாறையைப் படித்து முடிப்பது வரைதான்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பாறை தெரியாமல் அல்ல, வேலையின் வரிசை தெரியாமல். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான பரப்பைச் சுருக்கித் தர வேண்டும். ஒன்றைத் தாண்டிக் குதித்து மிச்சம் பிடித்த பணம், பல மடங்காக டிரில்லிங்கில் போய்விடும்.

1. எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

அதபாஸ்கா படுகை என்பது சுமார் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் மணற்பாறை. ஓரங்களில் மெலிந்து, நடுவில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாக இருக்கும். அதற்குக் கீழே அதைவிடப் பழைய, உருமாறிய அடிப்பாறை. இரண்டும் சந்திக்கும் தளத்திலும் அதை ஒட்டியும்தான் உலகின் மிகச் செறிந்த யுரேனியத் தாதுக்கள் கிடைத்திருக்கின்றன. சிகார் லேக் தாது 1981இலும், மெக்ஆர்தர் ரிவர் தாது 1988இலும் கண்டுபிடிக்கப்பட்டன. முதலாவது சுமார் 410 முதல் 450 மீட்டர் ஆழத்திலும், இரண்டாவது 500 மீட்டருக்குக் கீழேயும் இருக்கின்றன.

மணற்பாறையில் ஓடிய, ஆக்ஸிஜன் நிறைந்த உப்புநீர் யுரேனியத்தைக் கரைத்துச் சுமந்தது. அடிப்பாறையில் கிராஃபைட் உள்ள பிளவுகளை ஒட்டிய, ஆக்ஸிஜன் குறைந்த சூழலைச் சந்தித்த இடத்தில் அதை இறக்கிவிட்டது. ஆகவே தாதுவுக்கு மூன்று தேவை: சந்திப்புத் தளம், கிராஃபைட் உள்ள பாறை, அதை வெட்டிச் செல்லும் பிளவு.

அளவையும் மனதில் வையுங்கள். சிகார் லேக் தாது நீளத்தில் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், அகலம் பல இடங்களில் சில பத்து மீட்டர்தான். துளை ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால் தாது கண்ணில் படாது. ஆனால் தாதுவைச் சுற்றி வெந்நீர் பாறையை மாற்றிய பகுதி, அதாவது களிமண்ணாகி, வெளுத்து, நொறுங்கிய மணற்பாறை, பல நூறு மீட்டர் பரவிக் கிடக்கும். நாம் துரத்த வேண்டியது அந்தப் பெரிய தடயத்தை. கையில் இருக்கும், கதிர்வீச்சை எண்ணும் கவுண்டரின் சத்தத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள் இங்கே வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். ஐந்நூறு மீட்டர் மணற்பாறைக்குக் கீழே இருக்கும் தாதுவின் காமா கதிர் மேலே வரவே வராது. அரை மீட்டர் மண்ணே அதைத் தடுத்துவிடும்.

2. பழைய அறிக்கைகளைப் படித்து முடிக்காமல் கிளம்பாதீர்கள்

கீ லேக் தாது கிடைத்த 1970களின் நடுப்பகுதியிலிருந்தே இந்தப் படுகையின் பெரும்பகுதியை யாராவது ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். நிலத்தைத் தக்கவைக்கச் செலவுக் கணக்கு காட்ட வேண்டும் என்பதால் அந்த அறிக்கைகள் எல்லாம் மாகாண அரசிடம் இருக்கின்றன. சஸ்காட்சவனின் கனிம மதிப்பீட்டுத் தரவுத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பழைய கோர்கள் சில லா ரோஞ்ச் ஊரில் உள்ள அரசுக் கிடங்கில் இருக்கும். போய்ப் பார்க்கலாம்.

படிக்கும்போது முக்கியமாக மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய துளை சந்திப்புத் தளத்தை எட்டியதா? எட்டியிருந்தால் அதற்குக் கீழே எத்தனை மீட்டர் போனது? மணற்பாறையில் களிமண், போரான், நிக்கல், காரீயம் எதையாவது அளந்தார்களா? பழைய துளைகளில் பல, யுரேனியம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடப்பட்டவை. அவற்றின் மணற்பாறை விவரிப்பில் ‘வெளுத்தது, உதிர்கிறது, களிமண் அதிகம்’ என்று ஒரு வரி இருந்தால், அது எனக்குப் புதிய சர்வே ஒன்றின் மதிப்பு.

இங்கே அதிகம் நடக்கும் தவறு ஆயத்தொலைவு. பழைய வரைபடங்கள் என்.ஏ.டி.27 என்ற பழைய ஆயத்தொலைவு முறையில் இருக்கும், இப்போது ஜி.பி.எஸ். அளவுகளை என்.ஏ.டி.83 என்ற புதிய முறையில் எழுதுகிறோம். மாற்றாமல் எழுதிவிட்டால் புள்ளி வடக்கு தெற்காக 200 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தாதுவின் அகலம் சில பத்து மீட்டர் என்று மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, 108 டிகிரி மேற்குத் தீர்க்கரேகை இந்தப் படுகையின் குறுக்கே போகிறது. யு.டி.எம். என்ற வரைபட முறையில் அதற்கு மேற்கே மண்டலம் 12, கிழக்கே 13. எல்லையை ஒட்டிய நிலமாக இருந்தால், எந்த மண்டலம் என்பதை ஒவ்வொரு கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

3. கிளெய்ம், அனுமதி, அங்கே வாழும் மக்கள்

2012 டிசம்பர் முதல் சஸ்காட்சவனில் கிளெய்ம், அதாவது கனிமம் தேடும் உரிமையுள்ள நிலம், எடுப்பது இணையத்தில்தான். காட்டில் கம்பம் நட வேண்டியதில்லை. ஒரு கிளெய்ம் 16 ஹெக்டேர் முதல் 6,000 ஹெக்டேர் வரை இருக்கலாம். முதல் ஆண்டு செலவுக் கட்டாயம் இல்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 15 டாலருக்குத் தேடல் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும், அதன் பிறகு 25 டாலர். 5,000 ஹெக்டேர் வைத்திருந்தால் ஆண்டுக்கு 75,000 டாலர். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எவ்வளவு நிலம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஆசைப்பட்டு அள்ளிப் போட்டுக்கொள்ளும் நிலம்தான் மூன்றாம் ஆண்டில் கழுத்தைப் பிடிக்கும்.

தேடல் கட்டத்தில் கனடாவின் அணு பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் தேவையில்லை. மாகாண அரசின் கட்டுப்பாடுதான். முகாம் போட, மரம் வெட்ட, நீர்நிலைக்கு அருகில் வேலை செய்ய, டிரில்லுக்குத் தண்ணீர் எடுக்க என்று தனித்தனி அனுமதிகள் வேண்டும். அனுமதிக்கான காலத்தைத் திட்டத்தில் தாராளமாகவே ஒதுக்குங்கள். ரிக்கை, அதாவது துளையிடும் இயந்திரத்தை வாடகைக்குப் பேசிவிட்டு அனுமதிக்குக் காத்திருப்பது மிக விலை உயர்ந்த காத்திருப்பு.

இந்த நிலம் டெனே, கிரீ, மெட்டி மக்களின் வாழ்நிலம். பொறி வைத்து விலங்கு பிடிப்பது, மீன், கரிபூ மான் வேட்டை எல்லாம் இன்றும் நடக்கின்றன. பழங்குடியினரைக் கலந்தாலோசிக்கும் சட்டக் கடமை அரசுடையது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2004இல் ஹைடா பழங்குடியினரின் வழக்கில் சொன்னது. அதை வைத்துக்கொண்டு ‘அரசு பார்த்துக்கொள்ளும்’ என்று இருப்பவர்கள் திட்டத்தையே இழப்பார்கள். விண்ணப்பம் போடும் முன்பே ஊருக்குப் போங்கள். வரைபடத்தை மேசையில் விரியுங்கள். எந்த ஏரியில் யார் வலை போடுகிறார், எங்கே குடிசை இருக்கிறது, எந்த மாதம் வரக் கூடாது என்று கேளுங்கள். ஏரியின் மேல் உறைந்த பனி எந்தக் குறுக்கில் மெலிதாக இருக்கும் என்பதை அந்தத் தடத்தில் பொறி வைக்கும் பெரியவரைவிட நன்றாகச் சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது. அவர் சொல்வதை அப்படியே வரைபடத்தில் ஏற்றுங்கள். சந்திப்பின் முடிவில் என்ன மாற்றினோம் என்று அவர்களிடமே திரும்பக் காட்டுங்கள்.

4. பருவத்தைப் பார்த்து வேலையை அடுக்குங்கள்

நிலத்தில் பாதி ஏரியும் சதுப்பும். ஆகவே டிரில்லிங்கும் ஏரி மேல் செய்யும் தரை சர்வேயும் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, பனி உறைந்திருக்கும்போது. பாறை தேடுவது, மாதிரி எடுப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. பனி உருகும் காலத்திலும் உறையும் காலத்திலும் மிதவை விமானமும் இறங்காது, பனிச்சறுக்கு விமானமும் இறங்காது. அந்த வாரங்களில் ஆளையும் பொருளையும் நகர்த்தத் திட்டமிடாதீர்கள்.

எரிபொருளை நீர்நிலையிலிருந்து 100 மீட்டர் தள்ளி வையுங்கள். பனியின் மேல் சேமித்து வைக்கவே கூடாது. கோடையில் காட்டுத்தீக்கு வெளியேறும் திட்டம் கட்டாயம். 2015இல் லா ரோஞ்ச் ஊரே காலி செய்யப்பட்டது. கரடி, கருப்பு ஈ இரண்டுக்கும் முகாமில் உள்ள பழைய ஆட்கள் சொல்வதைக் கேளுங்கள், போதும்.

5. வான்வழி சர்வே: மூன்று அளவீடு, மூன்று வேலை

காந்த சர்வே அடிப்பாறையின் வகையைக் காட்டும். கிராஃபைட் உள்ள பாறைகள் பெரும்பாலும் காந்தம் குறைந்த பட்டைகளில் இருக்கும். மின்காந்த சர்வே அந்தப் பட்டைக்குள் மின்சாரம் கடத்தும் கோடுகளை, அதாவது கிராஃபைட்டைக் காட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத்தான் படிக்க வேண்டும். மின்கடத்தி மட்டும் இருந்தால் அது ஏரியடிக் களிமண்ணாகவும் இருக்கலாம்.

மூன்றாவது கதிர்வீச்சு சர்வே. மணற்பாறை தடிமனாக உள்ள இடத்தில் இதனால் பயன் குறைவு. படுகையின் விளிம்பில், அடிப்பாறை மேலே இருக்கும் இடத்தில் இது பொன்னானது. யுரேனியம் அலைவரிசை என்று நாம் படிப்பது உண்மையில் யுரேனியம் சிதைந்து உருவாகும் பிஸ்மத்-214 விடும் 1.76 மெகா எலக்ட்ரான் வோல்ட் கதிர். தோரியத்துக்கு தாலியம்-208 விடும் 2.61. மழை பெய்த உடனே பறந்தால் காற்றிலுள்ள ரேடான் வாயு சிதைந்து பிறந்த துகள்கள் தரையில் படிந்து, எங்கும் யுரேனியம் இருப்பது போலக் காட்டும். பறக்கும் குழுவின் தினக்குறிப்பில் மழை நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பறக்கும் கோடுகள் பாறையின் போக்குக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இணையாகப் பறந்தால் மெல்லிய மின்கடத்தி இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

6. தரையில் நடப்பது

முன்பு இந்தப் பகுதியை மூடியிருந்த பெரும் பனித்தகடு பாறைகளைப் பெயர்த்து, பெரும்பாலும் தென்மேற்கு நோக்கி இழுத்துச் சென்றது. ஆகவே கதிர்வீச்சு உள்ள ஒரு பாறாங்கல் கிடைத்தால் அதன் பிறப்பிடம் அங்கே இல்லை, பனி வந்த திசையில் இருக்கிறது. பேட்டர்சன் லேக் இதற்கு நல்ல உதாரணம். படுகையின் தென்மேற்கு விளிம்புக்கு வெளியே, 2011இல் வான்வழிக் கதிர்வீச்சு சர்வே காட்டிய இடத்தில் செறிந்த பாறாங்கற்கள் கிடைத்தன. அவற்றைப் பின்தொடர்ந்து எதிர்த்திசையில் போய், 2012 நவம்பரில் ஏரியை ஒட்டித் தாதுவைத் துளைத்தார்கள். கல்லுக்கும் தாதுவுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்.

நடக்கும்போது சிண்டிலோமீட்டரை, அதாவது காமா கதிரை அளக்கும் கைக்கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடியுங்கள். காலையில் முகாமில் பின்னணி அளவை எடுத்து எழுதுங்கள். ஒலி எழுப்பும் கல் கிடைத்ததும் கொண்டாட வேண்டாம். முதலில் அலைவரிசையைப் பிரித்துப் பாருங்கள். பெக்மடைட் என்ற, பெரிய படிகங்கள் கொண்ட இளஞ்சிவப்புக் கற்களில் தோரியம் நிறைய இருக்கும். கவுண்டருக்கு இரண்டும் ஒரே சத்தம்தான். புதியவர்கள் முதல் வாரத்தில் சுமந்து வரும் கற்களில் பெரும்பாதி தோரியம்தான்.

சத்தமே எழுப்பாத மணற்பாறைக் கற்களையும் சீரான இடைவெளியில் எடுங்கள். ஆய்வகத்தில் அவற்றில் இல்லைட், குளோரைட் களிமண்ணோ, போரான் தரும் டிராவைட்டோ கூடுதலாக வந்தால், பனி வந்த திசையில் எங்கோ மாறிய மணற்பாறை இருக்கிறது என்று பொருள். இது அலுப்பான வேலைதான். ஆனால் ஆழத்தில் உள்ள தாதுவின் வாசனை மேலே வருவது இந்த வழியில்தான்.

ஏரியடிச் சேற்றை ஏரியின் நடுவிலிருந்து எடுங்கள், கரையிலிருந்து அல்ல. கரையில் மணல் கலந்துவிடும், நடுவில் உள்ள நுண்சேறுதான் உலோகத்தைப் பிடித்து வைக்கும்.

7. தரைச் சர்வே செய்து இலக்கை வரைவது

வான்வழியில் கண்ட மின்கடத்தியைத் தரை மின்காந்த சர்வே மூலம் சரியான இடத்துக்கும் ஆழத்துக்கும் கொண்டுவர வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. நானூறு மீட்டர் ஆழத்தில் உள்ள சாய்ந்த மின்கடத்தியை வான்வழித் தரவை மட்டும் வைத்துத் துளைத்தால், பக்கத்தில் போய்விடுவது கிட்டத்தட்ட உறுதி.

படுகையில் மின்கடத்திக் கோடுகளுக்குப் பஞ்சமில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கின்றன, தாதுவோ அவற்றில் சில புள்ளிகளில் மட்டும். எந்தப் புள்ளி? கோடு வளையும் இடம், அறுந்து நகரும் இடம், குறுக்குப் பிளவு வெட்டும் இடம். அங்கே மின்தடை சர்வே செய்து, மணற்பாறைக்குள் மேல்நோக்கி எழும் குறைந்த மின்தடைத் தூண் இருக்கிறதா பாருங்கள். ஈர்ப்பு சர்வேயில் அதே இடத்தில் அடர்த்தி குறைந்திருந்தால் இன்னும் நல்லது, குவார்ட்ஸ் கரைந்து களிமண்ணான பாறை எடை குறைந்தது. ஆனால் ஏரியின் ஆழத்தையும் மேல்மண்ணின் தடிமனையும் கழிக்காமல் ஈர்ப்பைப் படித்தால், ஒவ்வொரு ஏரியும் ஓர் இலக்காகத் தெரியும்.

இலக்குகளை வரிசைப்படுத்தும்போது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘இது ஏன் பொய்யாக இருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். அந்த வரியை எழுத முடியாதவர் இலக்கை இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

8. துளையிடுதல்

மின்கடத்தியின் குறுக்காக ஒரே வரிசையில் சில துளைகள், பிறகு கோட்டின் வழியே தள்ளி அடுத்த வரிசை. முதல் துளை தாதுவைத் தொட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிராஃபைட் எங்கே, பிளவு எந்தப் பக்கம் சாய்கிறது, மணற்பாறை எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொன்னால் அது வெற்றித் துளை.

சந்திப்புத் தளத்தைத் தொட்டதும் நிறுத்துவது மிகப் பழைய தவறு. பேட்டர்சன் லேக் தாதுவும், அதன் அருகே 2014இல் கிடைத்த ஏரோ தாதுவும் அடிப்பாறைக்குள் இருப்பவை. குறைந்தது நூறு மீட்டராவது அடிப்பாறைக்குள் போங்கள், கிராஃபைட்டைத் தாண்டாமல் நிறுத்தாதீர்கள்.

துளை நேராகப் போகாது. 500 மீட்டர் துளை 3 டிகிரி விலகினால் அடியில் 26 மீட்டர் தள்ளி நிற்கும். ஆகவே போகப் போக விலகலை அளந்து, வரைபடத்தை அன்றன்றே திருத்துங்கள்.

நல்ல தாதுவைச் சுற்றிய பாறை நொறுங்கி, மணலாகி, களிமண்ணாகி இருக்கும். துளைக்குள் விட்ட தண்ணீர் திரும்பி வராது, துளையிடும் தண்டு சிக்கும், கோர் உடைந்து தொலையும். கோர் எடுக்க முடியாத இடமே பல சமயம் நமக்கு வேண்டிய இடம். இதை டிரில்லரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் அங்கே வேகத்தைக் குறைப்பார். துளை முடிந்ததும் தண்டை வெளியே இழுக்கும் முன் காமா கருவியை உள்ளே இறக்குங்கள். தண்டை எடுத்த பின் துளை இடிந்துவிட்டால் தொலைந்த கோருக்கு வேறு சாட்சி கிடைக்காது. கருவியைப் பருவத்துக்கு முன்பே சஸ்கடூனில் உள்ள அளவுத்திருத்தக் குழிகளில் சரிபார்த்திருக்க வேண்டும்.

9. கோரைப் படிப்பதும் மாதிரி எடுப்பதும்

பெட்டி வந்ததும் முதலில் டிரில்லர் ஆழம் எழுதி வைத்த மீட்டர் கட்டைகளைச் சரிபாருங்கள். அங்கே பிழை இருந்தால் மற்ற எல்லாம் பிழை. அப்புறம் கழுவி, ஈரத்தில் படம் எடுத்து, பிளவு, நிறம், களிமண், உதிர்தன்மை என்று எழுதுங்கள். இரும்புக் கனிமமான ஹேமடைட்டின் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே வெளுக்கிறது என்பதை மீட்டர் கணக்கோடு குறிக்க வேண்டும்.

சிண்டிலோமீட்டர் அளவை, செறிந்த கோர் பெட்டிகள் அடுக்கிய கொட்டகைக்குள் எடுக்காதீர்கள். பின்னணியே உயர்ந்திருக்கும். ஒரு நொடிக்கு எத்தனை எண்ணிக்கை என்பது செறிவு அல்ல. அது கல்லின் அளவு, தூரம், கருவி எல்லாவற்றையும் பொறுத்தது. செறிவு ஆய்வக முடிவில்தான் வரும். எண்ணிக்கையைச் சதவீதமாக்கிப் பேசுகிறவரைத் தடுங்கள்.

தாது உள்ள பகுதியில் அரை மீட்டர் இடைவெளியில் மாதிரி, அதன் இரு பக்கமும் தாது இல்லாத கோரிலும் தொடர்ந்து. மணற்பாறை முழுவதிலும் சீரான இடைவெளியில் களிமண்ணுக்கும் வேதியியலுக்கும் தனி மாதிரி. தாது கிடைக்காத துளையில் இதை விட்டுவிடுவார்கள். அந்தத் துளைக்குத்தான் இது மிகவும் தேவை, அடுத்த துளையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று அதுதான் சொல்லும். வெற்று மாதிரி (யுரேனியம் இல்லாதது), தர மாதிரி (செறிவு முன்பே தெரிந்தது), இரட்டை மாதிரி (ஒன்றையே இருமுறை அனுப்புவது) மூன்றையும் இடையிடையே சேருங்கள். செறிந்த மாதிரிக்கு அடுத்து ஒரு வெற்று மாதிரி போனால் ஆய்வகத்தில் ஒன்றின் தூள் இன்னொன்றில் கலந்ததா என்று தெரிந்துவிடும்.

10. கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்பும் துளையை மூடுவதும்

காமா கதிர், தூசு, ரேடான். மூன்றுக்கும் தனித்தனி வழி. காமாவுக்கு நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு. தூசுக்கு ஈரம், கையுறை, முகக்கவசம். கோர் மேசையில் சாப்பாடு, புகை கூடவே கூடாது. ரேடானுக்குக் காற்றோட்டம். குளிருக்குப் பயந்து கொட்டகையை இறுக மூடி வைப்பது குளிர்காலத்தில் எல்லோரும் செய்யும் தவறு. காலையில் உள்ளே போகும் முன் காற்றாடியை ஓடவிடுங்கள். எல்லோரும் உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டோஸ் பட்டை அணிய வேண்டும், சமையல்காரர் உட்பட.

கதிர்வீச்சுள்ள மாதிரியை அனுப்புவது அபாயப் பொருள் போக்குவரத்து விதிகளில் 7ஆம் வகுப்பு. அதற்குப் பயிற்சி பெற்றவர்தான் கையெழுத்திட வேண்டும்.

மூடும் விதி மாகாணத்தின் வழிகாட்டியில் தெளிவாக இருக்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் நீளத்தில் 1 சதவீதத்துக்கு மேல் யுரேனியம் இருந்து, நீளத்தையும் சதவீதத்தையும் பெருக்கினால் 5ஐத் தாண்டுமானால், அந்த நீளம் முழுவதும், அதற்கு மேலும் கீழும் குறைந்தது 10 மீட்டரும் சிமென்ட் இட வேண்டும். யுரேனியம் 0.05 சதவீதத்தைத் தாண்டிய துளைச் சேற்றையும் அள்ளித் துளைக்குள்ளேயே போட்டு அடைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பது ஒரு குடும்பம் மீன் பிடிக்கும் ஏரி. சிமென்ட் மூட்டைகளை ரிக்கோடு சேர்த்தே கொண்டு போங்கள், பனி உருகத் தொடங்கிய பின் வரவழைக்க முடியாது.

11. பருவம் முடிந்த பின்

ஆய்வக முடிவு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை சும்மா இருக்காமல் துளைகளின் குறுக்குவெட்டைக் கையால் வரையுங்கள். அடுத்த ஆண்டு திரும்பிப் போவதா என்பதற்கு நான் பார்ப்பது தாதுவின் சதவீதத்தை அல்ல. துளைக்குத் துளை களிமண்ணும் போரானும் காரீய ஐசோடோப்பும் ஒரு திசையில் கூடுகின்றனவா, சந்திப்புத் தளம் பிளவின் இருபுறமும் உயரம் மாறுகிறதா? இரண்டும் இருந்தால் போகலாம். கிராஃபைட் இருக்கிறது, மணற்பாறை கொஞ்சமும் மாறவில்லை என்றால், அந்தக் கோட்டை விட்டுவிட்டு அடுத்த இலக்குக்கு நகருங்கள்.

ஊர்க் கூட்டத்தில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். செலவு அறிக்கையைக் கெடுவுக்கு முன் தாக்கல் செய்யுங்கள், தவறினால் கிளெய்ம் கைவிட்டுப் போகும். காட்டில் விட்டுவரும் கோர் பெட்டிகளுக்கு அலுமினியத் தகட்டில் துளை எண்ணையும் ஆழத்தையும் குத்தி ஆணி அடித்துவிடுங்கள். மார்க்கர் எழுத்து அந்த வெயிலையும் பனியையும் அதிக காலம் தாங்காது.